சட்டத்துக்குள் விழாத யூரியா

வேப்பந்தட்டைப் பக்கத்து மக்காச்சோளக் காட்டில் அந்த அம்மாவைச் சந்தித்தேன். ஒல்லியான உருவம், சேலைக்கு மேல் ஓர் ஆண் சட்டை. எதைச் சொல்லும் முன்பும் கால் பெருவிரலால் மண்ணைக் கிளறி ஈரம் பார்ப்பார்.

யூரியா விழுந்த ஈரமண்ணில் நுண்ணுயிர்கள் நைட்ரஸ் ஆக்சைடு வாயுவை வெளியிடும். அது பூமியைச் சூடாக்கும். என் ஆய்வுக்காக அந்த வாயுவை அளக்க அவர் காட்டில் மூன்று இரும்புச் சட்டங்களைப் பதித்திருந்தேன். தினமும் அவற்றின்மேல் பெட்டியைக் கவிழ்த்து, உள்ளே சேரும் காற்றை ஊசியால் எடுப்பேன். மழை பெய்தது, அவரும் யூரியா போட்டார். ஒரு வாரமாகியும் வாயு கூடவே இல்லை.

“சட்டத்துக்குள்ள யூரியா போட்டீங்களாம்மா?”

“இல்லைங்க. அது உங்க எடமாச்சே. கேக்காம எப்படிங்க போடுறது?”

ஒரு வார உழைப்பு வீண் என்று தலையில் கை வைத்தேன். அவர் மண்ணைக் கிளறிப் பார்த்தார்.

“ஈரம் இருக்கு சார். இப்ப ஒண்ணுல மட்டும் போடுறேன். மத்த ரெண்டும் சும்மா கெடக்கட்டும். அப்பத்தான யூரியாவால வந்தது எவ்ளோ, மண்ணு தானா விட்டது எவ்ளோன்னு தெரியும்.”

மூன்றாம் நாளே அந்த ஒரு சட்டத்தில் வாயு கூடியது.

முதலில் அவர் மரியாதைக்காகத்தான் போடாமல் விட்டாரா, தெரிந்தே விட்டாரா? போய்க் கேட்க எனக்கு முகமில்லை. அறிக்கையில் அந்த ஒப்பீட்டை என் யோசனை என்றுதான் எழுதியிருக்கிறேன்.