ஐந்து ரூபாய்க்கு ஒரு கேள்வி

2005 நவம்பர் 17, வியாழக்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடம். பெருங்களத்தூரில் விடாத மழை. அமெரிக்காவிலிருந்து மருமகனின் எஸ்.எம்.எஸ். வந்தது: பெண் குழந்தை பிறந்திருக்கிறது. அவ்வளவுதான். முந்தைய நாள் மகளை ஆஸ்பத்திரியில் சேர்த்த செய்தி வந்ததிலிருந்து என் மனைவி காப்பியைக்கூடத் தொடவில்லை.

அங்கிருந்து வரும் எஸ்.எம்.எஸ்.ஸுக்குக் கட்டணமில்லை; இங்கிருந்து போகும் ஒவ்வொன்றுக்கும் ஐந்து ரூபாய். நூற்றறுபது எழுத்தைத் தாண்டினால் இரண்டாகக் கணக்கு. அதனால் எல்லாக் கேள்வியையும் ஒன்றிலேயே அடைத்தேன். ஜாதகத்துக்குப் பிறந்த மணி, நிமிடம், குழந்தையின் எடை, யார் ஜாடை. மூன்று தடவை எண்ணி, மிஞ்சியதை வெட்டி அனுப்பினேன்.

“நம்ம பொண்ணு எப்படி இருக்கான்னு கேட்டீங்களா?” என்றாள் மனைவி.

வெட்டியதில் அது போய்விட்டிருந்தது.

“இத்தனை எழுத்து எண்ணினீங்களே, பெத்த பொண்ணு கணக்குல வரலையா?”

‘அவள் எப்படி இருக்கிறாள்?’ என்று மட்டும் தட்டி அனுப்பினேன். சற்று நேரத்தில் மகளே பதில் போட்டாள்: ‘நல்லா இருக்கேன்பா. அம்மாவைச் சாப்பிடச் சொல்லு. பாப்பாவுக்கு உன் மூக்கு.’

மனைவி என் மூக்கைப் பார்த்தாள். “பாவம் குழந்தை” என்று சிரித்தாள். காப்பி குடித்த கையோடு, “தலைமுடி நிறைய இருக்கான்னு கேளுங்க” என்றாள். கேட்டேன். “நிறம்?” அதையும் கேட்டேன். சேர்த்துக் கேட்கலாமே என்று எனக்கு அன்று தோன்றவே இல்லை. மழை விடுவதற்குள் ஒன்பது எஸ்.எம்.எஸ். போயிருந்தது. ஆகச் செலவு நாற்பத்தைந்து ரூபாய்.