அவளுடைய கேள்வித்தாள்

சிங்கப்பூரில், தேக்கா பக்கத்துச் சமூக மன்றத்தில் மூத்த தம்பதிகளுக்கு ஒரு பட்டறை. மணவாழ்வின் திருப்தியை அளக்க ஆளுக்கொரு கேள்வித்தாள் தந்து, தனித்தனியே நிரப்பச் சொன்னார்கள். நான் ஓய்வுபெற்ற அரசாங்க அதிகாரி. வீடு, வெளிநாடு போகக் கடப்பிதழ் என்று மனைவியின் படிவங்களையெல்லாம் நானே நிரப்புவேன். அவள் கையெழுத்துப் போடுவாள். அதே பழக்கத்தில் அவள் தாளிலும் எல்லாக் கேள்விக்கும் ‘மிகுந்த திருப்தி’ என்று குறித்து நீட்டினேன்.

படித்துப் பார்த்தாள். “நான் திருப்தியா இருக்கேன்னு உங்ககிட்ட யாருங்க சொன்னா?”

புதுத்தாள் வாங்கிக்கொண்டு வேறு மேசைக்குப் போய், அரைமணி நேரம் எழுதினாள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

வீடு திரும்பும் ரயிலில் கேட்டேன்: “என்ன போட்டே?”

“ரகசியம்லா. உங்களுக்குத் தெரியாத ரூல்ஸா?”

விதிகளெல்லாம் தெரியும். அவள் பதில்தான் இன்றுவரை தெரியாது. நாற்பது ஆண்டு மணவாழ்வில் நான் அவளைக் கேட்டதே அன்றுதான் முதல்முறை.