மஞ்சள் கோடு இல்லாத நட்டு

அடுப்பின் கீழ்க்கதவைத் திறந்து பாத்திரத்தை எடுக்க ஆர்லிஸ் அந்த நேரத்தில் குனியாமல் இருந்திருந்தால், இதையெல்லாம் சொல்ல யாருக்கும் மனம் வந்திருக்காது.

அமெரிக்காவின் விஸ்கான்சினில் பனி உருகி, வெஸ்ட்பி ஊரின் மேட்டுத் தோட்டங்களில் மண் கண்ணில் படத் தொடங்கியிருந்த ஒரு சனிக்கிழமை. சமையலறைச் சுவரை ஒட்டிய கொட்டகையில், அவள் கணவர் டெல்மர் டோலஃப்ஸ்ருட் தன் புல் வெட்டும் தோட்ட டிராக்டரின் இஞ்சினை ஓட்டிப் பார்க்க உட்கார்ந்தார். போன இலையுதிர்காலத்தில் ஆயில் முழுக்கக் கசிந்துபோய், உள்ளே பிஸ்டனோடு இணைந்த ராடு முறிந்து, இஞ்சின் இறுகிவிட்டிருந்தது. குளிர்காலம் பூராவும் அதை அக்கக்காகப் பிரித்து, சிலிண்டரைப் பட்டறையில் கடைந்து வாங்கி, புதுப் பிஸ்டனும் புது ராடும் போட்டுப் பூட்டியிருந்தார்.

சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொண்டது. டெல்மர் சிரித்தார். சிரிப்பு அடங்குமுன்னே சத்தம் ஏறத் தொடங்கியது. ஏறி ஏறி உறுமல் ஊளையாகிவிட்டது. அணைப்பதற்குக் கையை நீட்டினார். விரல் சாவியைத் தொடுவதற்குள் இடி விழுந்தாற்போல் ஒரு சத்தம்.

கண்ணைத் திறந்தபோது தகரக் கூரையின் கிழிசல் வழியே வானம் தெரிந்தது. இஞ்சினின் பக்கவாட்டில் ஃபிளைவீலைக் காணவில்லை. அந்தக் கனத்த இரும்புச் சக்கரம் துண்டு துண்டாகச் சிதறிவிட்டிருந்தது. சமையலறைச் சுவரில் ஒரு முஷ்டி நுழையும் அளவுக்கு ஓட்டை. ஓட்டைக்கு அந்தப் பக்கம் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அந்த வெளிச்சத்தைப் பார்த்ததும் அவருக்கு உயிரே போய்விட்டது போலிருந்தது. "ஆர்லிஸ்!" என்று கத்தினார். காது அடைத்திருந்ததால் தன் குரலே அவருக்குக் கேட்கவில்லை.

சமையலறைக்குள் ஓடினார். அவள் நின்றுகொண்டிருந்தாள். இரண்டு கையிலும் துணியைச் சுற்றி, ஆவி பறக்கும் உருளைக்கிழங்குப் பாத்திரத்தைப் பிடித்தபடி நின்றாள். தலைமுடியெல்லாம் சுண்ணாம்புத் தூள். மேடையிலிருந்த காபிக் குடுவை சுக்குநூறாகக் கிடந்தது. எதிர்ச்சுவர் அலமாரியின் கதவில் இரும்புத் துண்டு பாதி புதைந்திருந்தது. அவள் நிமிர்ந்து நின்றால் நெஞ்சு எங்கே இருக்குமோ, அந்த உயரத்தில்.

"என்ன சத்தம் அது? கேஸ் வெடிச்சிருச்சா?" என்றாள்.

அவருக்குக் கேட்கவில்லை. பாத்திரத்தை அவள் கையிலிருந்து வாங்கினார். துணி இல்லாமல் வாங்கியதால் உள்ளங்கை பொசுங்கியது. அதுகூட அவருக்கு உறைக்கவில்லை.

சத்தம் கேட்டுப் பக்கத்துப் பண்ணை கெர்மிட் ஓடிவந்தார். மாடு கறந்துகொண்டிருந்தவர், சாணி ஒட்டிய பூட்ஸோடு நேரே சமையலறைக்குள் வந்து அலமாரியைப் பார்த்தார்.

"அடப்பாவி! ஏண்டா, அந்த இஞ்சின புல்லு வெட்டவா பண்ணின, ராக்கெட் விடவா?"

யாரும் சிரிக்கவில்லை. கெர்மிட் தொப்பியைக் கழற்றிவிட்டு, "நீ எங்க நின்ன, ஆர்லிஸ்?" என்றார். அவள் இடத்தைக் காட்டினாள். கெர்மிட் அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

டெல்மரைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் ஒன்றுதான் சொல்வார்கள். பள்ளிக்கூடத்துப் பேருந்துகளைப் பழுதுபார்த்தே தலை நரைத்த மனிதர். பிரேக், ஸ்டியரிங், சக்கரம் எதுவானாலும், நட்டை முழுக்க முறுக்கியபின் மஞ்சள் பெயிண்டால் அதன்மேல் ஒரு கோடு இழுப்பார். கோடு இருந்தால் முறுக்கியாயிற்று என்று அர்த்தம். கோடு இல்லாத பேருந்து அவர் கொட்டகையை விட்டு வெளியே போனதில்லை. ஓய்வுபெற்ற பிறகும் பெயிண்ட் பேனா சட்டைப் பையிலேயே இருந்தது.

காது சற்றுத் தெளிந்ததும் டெல்மர் டார்ச் லைட்டோடு இஞ்சின் முன் மண்டியிட்டார். வேகம் எல்லை மீறாமல் பிடித்து நிறுத்துவது கவர்னர். அதன் நெம்புகோலை இறுக்கும் நட்டை விரலால் தொட்டார். தளர்வாகச் சுழன்றது. அதனால்தான் வேகம் கட்டுமீறிச் சக்கரம் வெடித்திருக்கிறது. மற்ற நட்டுகள் ஒவ்வொன்றிலும் மஞ்சள் கோடு இருந்தது. இதில் இல்லை.

வெடித்தபோதுகூட அவர் இவ்வளவு ஆடிப்போகவில்லை. பழைய இரும்பு, விரிசல், விதி என்று எதன்மேலாவது பழியைப் போட்டுவிடலாம் என்று உள்ளுக்குள் நம்பிக்கொண்டிருந்தார். அந்த நம்பிக்கை அங்கேயே செத்தது.

உள்ளே போய்ச் சொன்னார். "நான்தான் ஆர்லிஸ். ஒரு நட்டை முறுக்காம விட்டுட்டேன்."

"நீயா?"

"நான்தான்."

"அப்ப என்ன பண்ணிட்டிருந்த? யாராவது கூப்பிட்டாங்களா? நான் கூப்பிட்டேனா?"

"ஞாபகம் இல்ல. எவ்வளவு யோசிச்சாலும் அந்த இடமே மனசுல இல்ல."

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தார். அவள் திட்டவில்லை. உடைந்த கண்ணாடியைப் பெருக்கிக்கொண்டே இருந்தாள், தரை சுத்தமான பிறகும்.

அதன்பின் டெல்மர் வேறு ஆளானார். தன் வண்டியின் அடியில் படுத்து ஒவ்வொரு நட்டையும் மறுபடி முறுக்கிப் பார்த்தார். ஆர்லிஸின் காரையும் பார்த்தார். எல்லாம் இறுக்கமாகத்தான் இருந்தன. மனம் ஆறவில்லை. காலையில் பள்ளிப் பேருந்து சாலையில் போனால் வாசலுக்கு ஓடிவந்து, அது வளைவைத் தாண்டும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். எத்தனை பிள்ளைகள் ஏறின வண்டிகள்! அதில் எத்தனை நட்டு இப்படி விட்டுப்போயிற்றோ?

ஒருநாள் கெர்மிட்டின் பால் கறக்கும் எந்திரத்துக்கடியில் ஸ்பேனரோடு படுத்திருந்தார்.

"எழுந்திருடா. அடுத்து என் பல்லையும் ஆட்டிப் பாப்ப போல," என்றார் கெர்மிட்.

"அந்த டிராக்டர எடுத்துட்டுப் போயிரு கெர்மிட். பழைய இரும்புக்குப் போட்டுரு. எனக்கு அதப் பாக்க முடியல."

கெர்மிட் இதை ஆர்லிஸிடம் சொன்னார். அன்று மாலைதான் அவள் கோபம் வெடித்தது. புதுக் காபிக் குடுவையை மேடையில் டங்கென்று வைத்துவிட்டுக் கத்தினாள்.

"செத்திருப்பேன் டெல்! உருளைக்கிழங்கு எடுக்கக் குனிஞ்சதால பொழச்சிருக்கேன். அதுக்கு நீ என்ன பண்ற? ஊரான் வீட்டு நட்டெல்லாம் தடவிக்கிட்டுத் திரியிற! அந்த டிராக்டர பாதியில போட்டுட்டா, காலம் பூரா அந்தச் சத்தம்தான் என் காதுல இருக்கும். அது ஒழுங்கா ஓடுற சத்தத்த நான் கேக்கணும்."

"கை நடுங்குது, ஆர்லிஸ்."

"நடுங்கட்டும். நீ முறுக்கு. நான் ஒருதடவ முறுக்கிப் பாக்கிறேன். கோடு நான் போடுறேன்."

அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை அவளே எடுத்துக்கொண்டாள்.

கெர்மிட்டின் கொட்டிலுக்குப் பின்னால், முட்செடிக்குள் அதே மாதிரி டிராக்டர் ஒன்று செத்துக் கிடந்தது. அதன் ஃபிளைவீலைக் கழற்றி, விரிசல் இருக்கிறதா என்று பட்டறையில் சோதித்து வாங்கினார்கள். வேகம் மீறியதில் புது ராடும் நெளிந்திருந்தது. அதையும் மாற்ற வேண்டியிருந்தது. கொட்டகை வேண்டாம் என்று ஆர்லிஸ் சொல்லிவிட்டாள். சாப்பாட்டு மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து வேலை நடந்தது. பிஸ்டன் ரிங்கை அழுத்திச் சிலிண்டருக்குள் இறக்கும்போது இரண்டுமுறை கை நழுவியது. மூன்றாவது முறை அவள் வளையத்தை அழுத்திப் பிடித்துக்கொள்ள, அவர் தட்டி இறக்கினார். ஒவ்வொரு நட்டுக்கும் அவள் ரெஞ்சை வாங்கி, உடம்பின் பாரத்தையெல்லாம் போட்டுத் திருகிப் பார்த்தாள். கடைசியாகக் கவர்னர் நட்டு வந்தது. அவர் முறுக்கினார். அவள் முறுக்கினாள். பிறகு மறுபடியும் அவர். அதன்பின் அவள் அதன்மேல் மஞ்சள் கோட்டை இழுத்தாள்.

புல் முழங்கால்வரை வளர்ந்துவிட்டிருந்தது. டிராக்டரைக் கயிறு கட்டி மேய்ச்சல் நிலத்தின் நடுவே இழுத்துப் போனார்கள். இஞ்சினைச் சுற்றி வைக்கோல் கட்டுகளை அடுக்கினார்கள். கெர்மிட் தன் வண்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "நான் பொண்டாட்டிக்கிட்ட சொல்லிட்டு வரல, பாத்து!" என்று கத்தினார்.

டெல்மர் சாவியைப் பிடித்தார். திருப்ப முடியவில்லை. ஆர்லிஸ் பக்கத்தில் வந்தாள்.

"நகரு, நான் திருப்புறேன்."

"வேணாம்! நீ போ. அந்த வண்டிக்குப் பின்னால போ. போன்னா போயேன்!"

அவ்வளவு உரக்க அவர் அவளிடம் பேசியதே இல்லை. அவள் போனாள். அவள் தலை மறைந்ததும் அவர் திருப்பினார்.

பிடித்துக்கொண்டது. சத்தம் ஏறியது. டெல்மரின் முகம் வெளுத்தது. கொஞ்சம் ஏறியதும் இஞ்சின் அந்த அளவிலேயே ஒரே சீராக டுப்டுப்பென்று ஓடியது. ஆக்சிலேட்டரைத் தள்ளினார். சத்தம் ஏறியது, ஓர் அளவில் நின்றது. இழுத்தார், இறங்கியது. ஈரப் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டார். கெர்மிட் கைதட்டினார். ஆர்லிஸ் ஓடிவந்து அவர் தோளைப் பற்றிக்கொண்டு, இஞ்சினையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்தக் கோடை முழுக்கப் புல்லை வெட்டியது ஆர்லிஸ்தான். டெல்மர் ஏறவில்லை. ஆனால் விட்டுவிட்டுப் போகவும் அவரால் முடியவில்லை. அவள் ஓட்ட, பக்கத்திலேயே தோட்டத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தார்.

"போய் நிழல்ல உக்காரேன்!" என்று அவள் கத்துவாள்.

கேட்கவில்லை என்பதுபோல் அவர் நடந்துகொண்டே இருப்பார்.