அண்டாவின் உள்பக்கம்

மருமகள் எவர்சில்வர் குடத்தில் படிந்த உப்புக்கறையைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அந்த வாசம் மூக்கில் ஏறியதும் எனக்குத் தல்லாகுளம் காபி கிளப்பின் கொல்லைதான் ஞாபகம் வந்தது. இப்போது அங்கே கிளப்பும் இல்லை, கிணறும் இல்லை. நல்லது.

எட்டு வயசில் ஆத்தாவோடு சேர்ந்து அங்கே பித்தளை அண்டா விளக்குவேன். வெளியே புளியும் செங்கல் தூளும் போட்டு, நகக்கண்ணெல்லாம் எரிய எரியத் தேய்ப்போம். உள்ளே ஈயம் பூசியிருப்பதால் சாம்பலைத் தொட்டு வெறுங்கையால் மட்டும் துடைப்போம்.

ஒருநாள் முதலாளியம்மா அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"உள்ள ஏன் மங்கிக் கெடக்கு? மகாராணிக்குக் கை வலிக்குதோ?"

"அது ஈயம் தாயி. தூள் போட்டா உரிஞ்சு போயிரும்," என்றாள் ஆத்தா.

"எனக்கே சொல்லித் தாரியா? தேய்டி. இல்லாட்டி நாளைக்கு வராத."

எங்கள் கஞ்சி அந்த வேலையில்தான் இருந்தது. தேய்த்தோம். ஈயம் போய் மஞ்சள் தெரிந்தது. அவளுக்குச் சந்தோஷம்.

மறுநாள் அதில் வைத்த ரசத்தில், வெறும் பித்தளையில் புளிப்பு பட்டுக் களிம்பு ஏறி, குடித்தவர்கள் வாசலில் காறித் துப்பினார்கள். "கழுவத் தெரியாத கழுதைக," என்று முதலாளியம்மா எல்லார் முன்னாலும் எங்களைப் பார்த்துக் கத்தினாள். ஆத்தா ஒரு தம்ளர் ரசத்தை மொண்டு அவளிடம் நீட்டினாள்.

"நீங்க தேய்க்கச் சொன்னது சரிதான்னா, ஒரு மடக்குக் குடிங்க தாயி."

அவள் வாங்கவில்லை. ஆத்தா தம்ளரைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். அந்த வாரம் முழுக்கப் பட்டினி.

"அத்தே, உள்ளயும் அழுத்தித் தேய்க்கவா?" என்றாள் மருமகள்.

"தேய். இதுல உரிஞ்சு போக ஒண்ணுமில்ல."