சலக்கடுப்பு என்றார்கள்

யுத்தம் முடிந்து, எங்கள் பக்கத்து ரோடுகளெல்லாம் தார்க் கார்ப்பெட் போட்டு வழுவழுவென்று ஆன காலத்தில்தான் என் மனைவிக்கு அந்த வருத்தம் தொடங்கியது. சலக்கடுப்பு, அதாவது மூத்திரக் கடுப்பு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். புத்தளத்து வெயிலுக்கு அது வராத ஆளில்லை. இளநீர் குடித்தாள், பார்லித் தண்ணீர் குடித்தாள், நெருஞ்சில் அவித்துக் குடித்தாள். டிஸ்பென்சரி டொக்டர் கிருமி என்று சொல்லிக் குளிசை எழுதினார். அது கேட்கவில்லை என்றதும் வேறு குளிசை எழுதினார். கடைசியில் சலத்தைச் சோதித்துப் பார்த்தால் அதில் கிருமியே இல்லை.

“ஒண்டுமில்ல. நல்லா இரிக்கிறாங்க” என்றார்.

நல்லா இருக்கிறவள் அடிவயிற்றைப் பர்தாவுக்கு மேலால் பொத்திக்கொண்டு, கக்கூஸ் எந்தப் பக்கம் என்று கண்ணால் தேடியபடி வாசலில் நின்றாள்.

சலப்பை கொஞ்சம் நிறைந்தாலே நோகும். போய்விட்டு வந்தால் சற்றுக் குறையும். ஊற்றி வைத்த பிளேன்டீ ஆறுவதற்குள் மறுபடி போகவேண்டும். இரவும் இதே கதைதான். விடியும்போது இரண்டு பேர் கண்ணும் சிவந்திருக்கும். நான் ஹாட்வெயார் கடையைத் திறக்கப் போவேன். அவள் மொண்டிசூரிப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகளைத் தனியே விட்டுவிட்டு ஓடமுடியாது என்பதால் அந்த வேலையை விட்டாள். விட்ட அன்று பிள்ளைகளின் படங்களைச் சுருட்டிக் கொண்டுவந்து அலுமாரிக்கு மேல் போட்டாள். எனக்குத் தெரிந்து அதை எடுத்துப் பார்க்கவே இல்லை.

அவள் மன்னார்க்காரி. தொண்ணூறில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை விரட்டியபோது ஊரோடு வந்த பிள்ளை. கல்பிட்டிப் பக்கத்து முகாமில் ஓலைக் கொட்டிலில் வளர்ந்தவள். அங்கே பெண் பிள்ளைகள் பகலில் ஒதுங்க இடமில்லை. இருட்டும்வரை அடக்கிக்கொண்டிருப்பார்கள். அந்த அடக்கல்தான் இப்போது பழிவாங்குகிறது என்று அவள் நம்பினாள். டொக்டர்களிடம் கேட்டேன். ஒருவரும் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

வீட்டுக்குள் எரிச்சல் சின்னச் சின்ன வழிகளில் வந்தது. புளி போட்ட மீன் ஆணம், தக்காளி, தேசிக்காய், கொச்சிக்காய், தேத்தண்ணி எல்லாமே அவளுக்கு நோவைக் கிளப்பின. எனக்கொரு சட்டியும் தனக்கொரு சட்டியுமாக ஆக்கினாள். என் சட்டியை ருசி பார்க்காமலே ஆக்கியதால் உப்பு கூடும் அல்லது குறையும். “எனக்கும் உறைப்பில்லாத வெள்ளையாணமே போதும்” என்று சொன்னேன். “நீங்களும் பத்தியம் இருந்தா எனக்குச் சொகமாகுமா?” என்று கேட்டாள். ஒரே கட்டிலில் படுத்தும் அன்னியமாகிப் போயிருந்தோம். தொட்டால் நோகும் என்று அவள் பயந்தாள், நோகவைப்பேன் என்று நான் பயந்தேன். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

நோன்பு வந்தால் இன்னும் மோசம். தண்ணீர் குடிக்காமல் இருந்தால் சலம் நெருப்பாகிவிடும். நோயாளிக்கு நோன்பை விடச் சலுகை இருக்கிறது என்று மௌலவி தெளிவாகவே சொல்லியிருந்தார். என் உம்மாவுக்கு மட்டும் அது போதவில்லை.

“ஆளப் பாத்தா ஒரு நோயும் தெரியுதில்லயே மகன்” என்றார்.

“உள்ளுக்குள்ள இரிக்கிற நோவு வெளியில எப்பிடி உம்மா தெரியும்?”

“எதுக்கும் ஓதிப் பாப்பம்.”

ஓதிய தண்ணீர் போத்தல் போத்தலாக வந்தது. அதையும் குடித்தாள். குடித்ததெல்லாம் சலமாகத்தானே போகவேண்டும்.

பிறகு பெரியாஸ்பத்திரி கிளினிக். அவளுக்குச் சிங்களம் கடையில் சாமான் வாங்குகிற அளவுக்குத்தான் வரும். டொக்டருக்குத் தமிழ் வராது. ஆகவே நான் நடுவில். மேசையைச் சுற்றி மற்ற நோயாளிகளும் நின்றுகொண்டிருந்தார்கள்.

“முள்ளுக்கம்பிய உள்ளுக்கு விட்டுச் சுத்துற மாதிரி இரிக்கி எண்டு செல்லுங்க” என்றாள்.

நான் சிங்களத்தில், மிகவும் நோகிறதாம் என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். “நான் இவ்வளவு செல்றன். நீங்க ரெண்டு சொல்லோட முடிச்சிட்டீங்க.”

முள்ளுக்கம்பி நான் தினமும் விற்கிற சாமான். அதற்குச் சிங்களத்தில் என்ன என்று எனக்குத் தெரியாமலில்லை. பக்கத்தில் நின்ற ஆண்களுக்கு முன்னால் அதைச் சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான். அவள் பார்த்த பார்வையில் சொல்லிவிட்டேன். ‘கட்டு கம்பி’ என்று அந்தச் சிங்களச் சொல்லையே, மேசையைச் சுற்றி நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி. டொக்டரின் பேனை ஒரு கணம் நின்றது. பிறகு, ஸ்கேனிலும் ஒன்றுமில்லை, மனநல கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றார்.

வெளியே வந்ததும் அவள் சொன்னாள்: “எனக்குப் பைத்தியமில்ல. அங்க நான் போகமாட்டன்.”

“அப்ப எங்கதான் போற?” என்று நான் சத்தமாகவே கேட்டேன். மருந்து எடுக்க வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த வருசத்தில்தான் கொழும்பில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் வந்தது. என் தங்கையின் மாப்பிள்ளை, அதாவது என் மச்சான், குடும்பத்துக்கெல்லாம் சேர்த்து ஒரு வேன் பிடித்திருந்தார். வரமாட்டேன் என்றாள் மனைவி. வராவிட்டால் ஒரு கதை கட்டுவார்கள் என்று நான்தான் அவளையும் எங்கள் சின்ன மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். முந்திய இரவிலிருந்தே அவள் தண்ணீர் குடிக்கவில்லை.

மதுரங்குளியில் முதல் தடவை நிறுத்தினோம். பள்ளிவாசலில் ஆண்கள் பக்கம் திறந்திருந்தது, பெண்கள் பக்கம் பூட்டு. பாங்கு சொல்கிற முஅத்தினைத் தேடிப்பிடித்துத் திறப்பதற்குள் வேனுக்குள் முணுமுணுப்புத் தொடங்கிவிட்டது. கொஞ்சத் தூரத்தில் மறுபடி நிறுத்தச் சொன்னேன். அது ஒரு பெற்றோல் செட். அங்கே கக்கூஸ் சாவி முதலாளியிடம், முதலாளி வீட்டில். அவள் கதவடியில் நின்று கொஞ்சநேரம் பூட்டையே பார்த்துவிட்டுத் திரும்பி வந்து ஏறினாள். முகம் வெளிறியிருந்தது. சிலாபத்துக்குக் கிட்டே, முன்னேஸ்வரம் கோவிலுக்குத் திரும்புகிற இடத்தில், மூன்றாம் தடவையாக என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

“மச்சான், கொஞ்சம் ஓரமா நிப்பாட்டச் சொல்லுங்க” என்றேன்.

மச்சான் முன்சீட்டிலிருந்து திரும்பவுமில்லை. “சின்னப் புள்ளகூட இதுக்குள்ள இருந்து வருது. நிக்காஹ் முடிஞ்சபொறகா நாங்க போய்ச் சேர்ற?”

பின்னால் யாரோ சிரித்தார்கள். யாரென்று நான் பார்க்கவில்லை.

“நிப்பாட்டுங்க. நாங்க இறங்குறம். நீங்க போங்க.”

உம்மா, “பைத்தியமா மகன் உனக்கு?” என்றார். எங்கள் மகள் அவர் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளை எழுப்பாமல் விட்டுவிட்டு இறங்கினோம். வேன் ஒரு நிமிசம் தயங்கியது, பிறகு போய்விட்டது. கல்யாணச் சாரியோடு அவளும் புதுச் சட்டையோடு நானும் ரோட்டோரம் நின்றோம்.

அங்கே கோவிலுக்குப் போகிறவர்களுக்குப் பழத்தட்டும் பூவும் விற்கிற கடையில் ஒரு சிங்களப் பெண் இருந்தார். நான் என்ன சொல்வதென்று யோசிக்குமுன்பே அவர் என் மனைவியின் நிற்கிற நிலையைப் பார்த்துவிட்டார். “வாங்க நங்கி” என்று தங்கையைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டு, கடைக்குப் பின்னாலிருந்த தன் வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனார். எனக்கு ஒரு கதிரையைக் காட்டினார். நான் தாமரைப் பூக்களுக்கும் வாழைப்பழச் சீப்புகளுக்கும் நடுவில் உட்கார்ந்து, கொழும்புக்குப் போய்க்கொண்டிருக்கிற அந்த வேனை மனதுக்குள் ஏசிக்கொண்டிருந்தேன். அவள் வர வெகுநேரமானது. உள்ளே பாயில் கொஞ்சம் படுத்திருக்கிறாள் என்று அந்தப் பெண் வந்து சொன்னார். என்ன வருத்தம் என்று கேட்கவில்லை. “நானும் பஸ்ஸில போறதில்ல. ரயில்ல போங்க, அதுல டொய்லட் இரிக்கி” என்று மட்டும் பாதித் தமிழில் சொன்னார்.

கல்யாணத்தை விட்டுவிட்டு, வீட்டுக்குத் திரும்பச் சிலாபத்தில் புத்தளம் ரயில் பிடித்தோம். கக்கூஸ் நாற்றமடித்தாலும் அதற்கொரு கதவு இருந்தது. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வேனில் சிரித்தவர்களை நினைத்து நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

“அந்த மனநல கிளினிக்குக்குப் போவம்” என்றாள் திடீரென்று.

“ஏலாது எண்டு சொன்னீங்களே?”

“யாராவது உக்காந்து கேட்டாச் சரி. பைத்தியக்கார டொக்டராவது கேக்கட்டும்.”

போனோம். அங்கே இருந்தவர் தமிழ் பேசுகிற இளம் டொக்டர். என்னை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு அவளோடு நீண்டநேரம் கதைத்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, “இது மனசில வந்த வருத்தமில்ல. இந்த நோவு யாருக்கு வந்தாலும் மனசு உடையும். கொழும்பில சலப்பை டொக்டர் ஒருத்தரிட்ட அனுப்புறன்” என்றார். எனக்கு அவர் கையைப் பிடிக்கவேண்டும்போலவும் இருந்தது, இத்தனை வருசம் கழித்தா என்று கத்தவேண்டும்போலவும் இருந்தது.

கொழும்பில் மயக்க ஊசி போட்டு, கமரா வைத்துச் சலப்பையின் உள்ளே பார்த்தார்கள். உட்சுவர் புண்பட்டு, இரத்தப் புள்ளிகள் தெரிந்தனவாம். இன்டர்ஸ்டீஷியல் சிஸ்டைட்டிஸ் என்று பெயர் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து உம்மாவிடம் அந்தப் பெயரைத் தடக்கித் தடக்கிச் சொன்னேன். மச்சானுக்கும் சொன்னேன். “அப்ப உண்மையிலேயே ஒண்டு இரிந்திரிக்கி” என்றார் அவர். மன்னிப்புப் போன்றதொன்று அதற்குப் பின்னால் வருமென்று காத்திருந்தேன். வரவில்லை.

பெயர் தெரிந்தால் மருந்தும் தெரியும் என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. முற்றாகச் சுகமாகாது, கட்டுப்படுத்தலாம் என்றார்கள். நோவுக்குச் சின்னக் குளிசை ஒன்று. குழாய் வழியாகச் சலப்பைக்குள் ஒரு மருந்தை ஏற்றிக் கழுவ அடிக்கடி கொழும்புக்குப் போகவேண்டும். கழுவிவிட்டு வந்தால் சில கிழமை நல்லாயிருப்பாள். பாதிநாள் மொண்டிசூரிக்குக்கூடப் போகத் தொடங்கினாள். கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரை இடித்து நானே ஒரு பாத்ரூம் கட்டிக்கொடுத்தேன். கொமட்டும் பைப்பும் விற்கிறவன் வீட்டில் அது எப்போதோ இருந்திருக்கவேண்டும் என்றாள். அப்போது சிரித்தாள். பிறகு ஒரு காரணமுமில்லாமல் நோவு திரும்பி வரும். என்ன தின்றாள், எதைத் தூக்கினாள் என்று நான் துருவித் துருவிக் கேட்பேன். “நான் ஒண்டும் செய்யல்ல. அதுவா வருது” என்று கத்துவாள்.

நாட்டில் எண்ணெயும் மருந்தும் இல்லாமற்போன காலத்தில் ஒருநாள் விடிய ரயிலேறிக் கொழும்புக்குப் போனோம். கிளினிக்கில் நர்ஸ் மிஸ், கழுவுகிற மருந்து முடிந்துவிட்டது, எப்போது வருமென்று தெரியாது என்றார். ஒரு போன் எடுத்துச் சொல்லியிருக்கக்கூடாதா, இவ்வளவு தூரத்திலிருந்து ஒரு நோயாளியை இழுத்துக்கொண்டு வந்திருக்கிறேனே என்று சிங்களத்தில் நான் சத்தம் போட்டேன். அந்தப் பெண்ணும் களைத்துப்போயிருந்தார். “மாத்தயா, காலையிலிருந்து எல்லோருக்கும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்” என்றார்.

மனைவி என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். “வாங்க. ரயில் போயிரும்.”

திரும்பி வரும்போது பெட்டி நிறையச் சனம். கக்கூஸ் கதவின் கொண்டி உடைந்திருந்தது. அவள் உள்ளே போக, நான் வெளியே நின்று கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டேன். எனக்குக் கோபம் ஆறவில்லை. கதவுக்கு இந்தப் பக்கம் நின்றே ஆஸ்பத்திரியையும் அரசாங்கத்தையும் ஏசிக்கொண்டிருந்தேன்.

“நீங்க ஏசினா மருந்து வருமா?” உள்ளேயிருந்து கேட்டாள்.

“வராது.”

“அப்ப கதவ ஒழுங்காப் புடிங்க. ஆடுது.”

வண்டி ஒரு வளைவில் திரும்பியது. வாளியோடு வந்த ஒருவர் உள்ளே போகவேண்டும் என்று சைகை காட்டினார். ஆளிருக்கு, கொஞ்ச நேரம் செல்லும் என்றேன். இரண்டு கையாலும் கதவை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.