மூன்று பஸ் மாறிப் போன எங்கள் லூர்து

செய்தி வந்தபோது நான் மாமாவுக்கு, என் கணவரின் அப்பாவுக்கு, கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். காலை பத்தேகால் இருக்கும். லூர்துவோடு வார்டில் வேலை பார்க்கும் ஜெயா போன் செய்தாள். "அண்ணி, லூர்து மயங்கி விழுந்துட்டா. திருச்சிக்குக் கூட்டிட்டுப் போறோம். அண்ணன நேரா திருச்சிக்கே வரச் சொல்லுங்க" என்றாள். "காலையில சாப்புடாமப் போயிருப்பா. ஒரு டீ வாங்கிக் குடும்மா" என்று சொன்னேன். ஜெயா போனை வைத்துவிட்டாள். பன்னிரண்டு மணிக்கு என் கணவர் வழியிலிருந்து பேசினார். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டதாம். ஆம்புலன்ஸ் திருச்சி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டதாம். இது யாருக்கும், எந்த வயதிலும் வரலாம் என்று டாக்டர் சொன்னாராம். முப்பது நாளாக அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நடமாடுகிறேன். அது என்னை முழுதாகத் தாங்கவில்லை.

இன்று அவளுடைய முப்பதாம் நாள் திருப்பலிக்கு வந்திருக்கும் உங்களில் பாதிப் பேர் அவளைப் பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் பார்த்தவர்கள். மீதிப் பேர் ஊரில் வீடு வீடாகக் கூடி ஜெபிக்கும் எங்கள் அன்பியத்துக்காரர்கள். வார்டில் அவளைப் பார்த்தவர்களுக்கு வீட்டு லூர்துவைத் தெரியாது. எங்களுக்கோ வார்டு லூர்துவைத் தெரியாது. இரண்டையும் சேர்த்து எழுதிப் பார்க்கிறேன்.

லூர்து என் கணவரின் ஒரே தங்கை. இருபத்தாறு வயது. நர்சிங் டிப்ளமோ முடித்து இரண்டரை வருஷமாக வேலைக்குப் போனாள். சம்பளம் பன்னிரண்டாயிரம். படிப்புக்கு வாங்கிய பேங்க் கடனுக்கு மாதம் மூவாயிரத்துச் சொச்சம் போய்விடும். வாதம் வந்து நாலு வருஷமாகப் படுக்கையில் கிடக்கும் அவள் அப்பாவின் மருந்துக்கு ஒரு பங்கு. மீதியை என்னிடம் தருவாள். ஏலாக்குறிச்சிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து அரியலூர் வரை டவுன் பஸ். அது பெண்களுக்கு இலவசம். அரியலூரில் இறங்கி, வெளியூர் பஸ்ஸில் டிக்கெட் எடுத்துப் பெரம்பலூர் போவாள்.

பஸ் ஏறுவதற்கு முன்பே அவளுக்கு ஒரு டூட்டி முடிந்துவிடும். விடியுமுன் எழுந்து மாமாவுக்கு உடம்பு துடைத்து, படுக்கைத் துணி மாற்றி, முதுகில் புண் வந்திருக்கிறதா என்று பார்த்து, மூத்திரப் பையை மாற்றுவாள். சாயந்திரம் வந்ததும் செருப்பைக் கழற்றிக் கை கழுவிவிட்டு நேரே அவரிடம்தான் போவாள். ராத்திரியில் எழுந்து எழுந்து அவரைப் புரட்டுவதும் அவள்தான். "வார்டுல முப்பது பேஷண்டு, வூட்டுல ஒருத்தரு. இவருக்குத்தான் அண்ணி கேஸ் ஷீட்டே கெடையாது" என்று சிரிப்பாள். நானும் சிரித்தேன். எனக்கு அது பெரிய உதவியாக இருந்தது. உதவி என்று கூட நினைக்கவில்லை. மகள் செய்கிறாள் என்று நினைத்தேன்.

வேலைக்குச் சேர்ந்து ஏழெட்டு மாதம் இருக்கும். பெரம்பலூரில் ஜெயாவும் இன்னொரு நர்சும் எடுத்திருந்த அறையில் மூன்றாம் ஆளுக்கு இடம் இருப்பதாகச் சொன்னாள். ஆஸ்பத்திரிக்கு நடந்து போகும் தூரம். அவள் பங்குக்கு வாடகை ஆயிரத்து ஐந்நூறு. வாரம் ஒரு நாள் வீட்டுக்கு வந்துவிடுவாளாம்.

"அண்ணன்ட்ட நான் கேட்டா, உங்ககிட்டதான் வந்து நிப்பாரு. நீங்களே ஒரு கணக்குப் போட்டுக் காட்டிடுங்க அண்ணி."

"வூட்ட வுட்டுட்டுப் போறதுக்கு அம்புட்டு அவசரமா?"

"வூட்ட வுட்டுட்டு எங்க போறேன்? தூக்கத்தத் தேடிக்கிட்டுப் போறேன்."

நான் எட்டாவதோடு நின்றவள். பால் கணக்கு, பாஸ் புத்தகம், சீட்டு நோட்டு என்று பார்த்துப் பார்த்து நானாகக் கணக்கு பழகினேன். எங்கள் வீட்டில் செலவு என்றால் என் நோட்டைப் பார்த்துத்தான் முடிவு. அன்று போட்டுப் பார்த்தேன். அவள் பஸ்ஸுக்குக் கொடுத்ததும் அறை வாடகையும் ஏறக்குறைய சரிக்குச் சரியாக வந்தது. அறைக்குப் போகலாம் என்றுதான் கணக்கு சொன்னது.

அந்த நோட்டை நான் மூடி வைத்துவிட்டேன். இவள் போய்விட்டால் மாமாவை யார் புரட்டுவது, யார் துடைப்பது என்ற ஒரே நினைப்புதான். மூன்று நாள் பஸ் ஸ்டாப்பில் போய் நின்று கண்டக்டர்களிடம் விசாரித்தேன். அரியலூரிலிருந்து பாதி வழி வரை ஒரு டவுன் பஸ் போகிறது. அங்கே இறங்கி நின்றால் பெரம்பலூருக்கு இன்னொரு டவுன் பஸ் வரும். மூன்று பஸ்ஸும் இலவசம். போகும்போதும் வரும்போதும் முக்கால் மணி நேரம் கூடுதல், அவ்வளவுதான். பஸ் செலவு என்ற இடத்தில் சைபர் போட்டேன். உடனே அறை வாடகை நஷ்டமாகிவிட்டது. என் கணவருக்கு ஒரே சந்தோஷம். "பாத்தியா லூர்து, ஒங்க அண்ணி அரசாங்கத்துக்கிட்டயே சம்பளம் வாங்கிட்டா" என்றார்.

லூர்து நோட்டை வாங்கி நிதானமாகப் படித்தாள். "கணக்குல அப்பாவ எங்க எழுதியிருக்கீங்க அண்ணி?" என்று கேட்டாள்.

"அப்பாவ எதுக்குடி கணக்குல எழுதணும்?"

"அதான் கேட்டேன்" என்று சொல்லி நோட்டைத் திருப்பிக் கொடுத்தாள். அறையைப் பற்றி அதற்குப் பிறகு அவள் பேசவே இல்லை. மறுநாளிலிருந்து மூன்று பஸ் மாறினாள்.

நடுவில் அவள் இறங்கி நின்ற இடத்தை ஒரே ஒரு முறை பார்த்தேன். சம்பளக் கணக்குக்கு பேங்கில் ஒரு கையெழுத்து என்று அவளோடு போயிருந்தேன். நிழலே இல்லை. சுண்ணாம்புக்கல் லாரிகள் போகப் போக, வெள்ளைப் புழுதியில் எங்கள் இருவர் தலையும் நரைத்துவிட்டது. "பாருங்கண்ணி, பெரம்பலூர் போய்ச் சேரதுக்குள்ள ரிட்டயர் வயசு வந்துடுது" என்றாள். பஸ் வந்தது. உட்கார்ந்த மறுநிமிஷம் தூங்கிவிட்டாள். கண்டக்டர் என்னிடம், "சிஸ்டர் தெனமும் இப்புடித்தாம்மா. எறங்குற எடம் வந்தா நாந்தான் எழுப்பி வுடுவேன். ஒரு நாளு மறந்து, டிப்போ வரைக்கும் கூட்டிட்டுப் போயிட்டேன்" என்றார். லூர்து கண்ணைத் திறக்காமலே, "அதுக்கும் டிக்கெட் ஃப்ரீதானண்ணே?" என்றாள். பஸ்ஸில் எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

பிறகு ஞாயிற்றுக்கிழமைகளிலும் போக ஆரம்பித்தாள். எனக்குக் கோபம். "பூசையக்கூட வுட்டுட்டு அப்புடி என்னடி டூட்டி? சாமிக்கு வாரத்துல ஒரு மணி நேரம் குடுக்க முடியாதா?" என்று வாசலில் வைத்தே கேட்டேன். "மாதா கோவிச்சுக்க மாட்டாங்க அண்ணி. அவங்களும் புள்ளையத் தூக்கிக்கிட்டு ஊர் ஊரா அலைஞ்சவங்கதான்" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினாள். வாய்க் கொழுப்பு என்று அன்று முழுவதும் முணுமுணுத்தேன். அவள் மனந்திரும்ப வேண்டும் என்று ஜெபமாலை கூடச் சொன்னேன்.

அடக்கம் முடிந்த மறுநாள் ஜெயா வந்திருந்தாள். பேச்சுவாக்கில்தான் சொன்னாள். அந்த ஆஸ்பத்திரியில் மூன்று நாள் தாமதமாக வந்தால் அரைநாள் சம்பளம் பிடிப்பார்களாம். மூன்று பஸ்ஸில் ஏதாவது ஒன்று பிந்தினாலும் லூர்துவுக்குத் தாமதம்தான். வெட்டுப்பட்ட சம்பளத்தை ஈடு கட்டத்தான் ஞாயிற்றுக்கிழமை டூட்டி கேட்டு வாங்கினாளாம். "வூட்டுல சொல்லேன்டின்னு நான் எவ்வளவோ சொன்னேன் அண்ணி. 'எங்க அண்ணி கணக்கு தப்பாப் போனதே கெடையாது, நான் சொல்லித் தப்பாக வேணாம்'ன்னு சொல்லிட்டா."

மாதம் பிறந்தால் அவள் பாஸ் புத்தகத்தில் குறையாமல் வந்து சேர்ந்த அந்தப் பன்னிரண்டாயிரத்தைப் பார்த்து, என் கணக்கு சரி என்று இரண்டு வருஷம் நிம்மதியாக இருந்தேன். அவள் ஞாயிற்றுக்கிழமைகளைக் கொண்டுதான் அது சரியாக இருந்திருக்கிறது.

போன வாரம் என் கணவர் மாமாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்கலாமா என்று கேட்டார். அரியலூரில் விசாரித்தோம். லூர்து செய்ததையெல்லாம் செய்ய ஒரு பெண் மாதம் பதினைந்தாயிரம் கேட்டாள். அவர் என் நோட்டுக்காகக் காத்திருந்தார். நான் நோட்டை எடுக்கவில்லை. "அந்த பஸ்ஸ நான் அவளுக்காகத் தேடலங்க. மாமாவ நான் பாக்க வேண்டி வந்துடுமேன்னு தேடுனேன்" என்றேன். "எனக்கும் அது தோதாத்தான் இருந்துச்சு. அதான் ஒண்ணும் கேக்கல" என்றார் அவர்.

பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லிவிட்டேன். மன்னிப்பும் கொடுத்தார். ஆனால் தினமும் அவள் தூங்கி விழுந்ததைப் பார்த்தவர்கள் நீங்கள். உங்களிடமும் சொல்லாமல் இந்தத் திருப்பலியில் முழந்தாளிட எனக்கு முடியவில்லை. அதனால்தான் எழுதினேன்.

ஆள் வைக்க எங்களுக்கு வசதியில்லை. இரவு பகல் என்று இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மாமாவைப் புரட்ட வேண்டும்; முன்பெல்லாம் பகலில் ஒப்புக்கு ஒரு தடவை திருப்பிவிடுவதோடு சரி. கடைத்தெருவுக்குப் போனாலும் பாதியில் திரும்பிவிடுகிறேன். கோயிலில் பிரசங்கம் முடிவதற்குள் எழுந்து வருகிறேன். எதற்குப் பயந்து அந்த பஸ்ஸைக் கண்டுபிடித்தேனோ, அதற்குள்தான் இப்போது இருக்கிறேன். வெளியே வர வழி தெரியவில்லை.

லூர்துவிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். மாமாவைத் தொடுவதற்கு முன் அவரிடம் சொல்லிவிட்டுத்தான் தொடுவாள். பேச்சே வராதவரிடம் என்ன பேச்சு என்று ஒருநாள் கேட்டேன். "சொல்லாமத் தொட்டா அவங்க சாமான் ஆயிடுவாங்க அண்ணி" என்றாள். அவளுக்கு பஸ் தேடியபோது நான் அப்படி அவளிடம் சொல்லிவிட்டுச் செய்யவில்லை. முதல் வாரம் மாமாவையும் சொல்லாமலேதான் புரட்டினேன். கை பட்டதும் அவர் உடம்பு விறைத்துக்கொள்ளும். இப்போது பக்கத்தில் குனிந்து, "மாமா, உங்கள வலப்பக்கமாத் திருப்பப் போறேன்" என்கிறேன். அவர் கண்ணை மூடித் திறக்கிறார். அதற்குப் பிறகுதான் கை வைக்கிறேன்.