மோர்ச் சோற்றில் கரைந்த தொடை

கல்லீரலில் வைரஸ் இருக்கிறது, மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டால் போய்விடும், சாப்பாட்டில் எதையும் குறைக்க வேண்டாம் என்று டாக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார். நான் கேட்பேனா? மேலதிகாரி சொன்னதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு என் இஷ்டப்படி செய்தே ரிட்டையர் ஆனவன். எங்கள் பக்கம் கல்லீரல் என்றால் மஞ்சக்காமாலை, மஞ்சக்காமாலை என்றால் பத்தியம். முட்டை, கறி, மீன் எல்லாவற்றையும் விட்டேன். மூன்று வேளையும் மோர்ச் சோறு.

வீட்டில் நானும் மனைவியும் மட்டும்தான். மகள் துபாயில் இருக்கிறாள். மனைவிக்கு முழங்கால் தேய்ந்து, பொங்கல் கழிந்ததும் ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தோம். அப்புறம் ஒரு மாதம் அவளைத் தாங்கி எழுப்பி நடத்த ஆள் வேண்டும். "ஆளு எதுக்கு? நான் குத்துக்கல்லு மாதிரி இருக்கேன்ல" என்று மார்தட்டியிருந்தேன்.

"ஒரு முட்டையாச்சும் தின்னுங்களேன். இப்படியா வதைச்சுக்கிருவீக?" என்பாள். பழனிக்கு மாலை போட்டவன்போல் முகத்தை வைத்துக்கொள்வேன்.

மாத்திரை முடிந்தது. வைரஸ் இல்லை என்று ரிசல்ட்டும் வந்தது. செக்காலை ரோட்டு மருந்துக்கடையில் எடை பார்த்தால் இரண்டு கிலோ கூடியிருந்தேன்! பத்தியத்தின் மகிமை என்று தொப்பையைத் தடவியபடி, மனைவியோடு டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

"கையை ஊன்றாம, சேர்ல இருந்து அஞ்சு தடவை எந்திரிச்சு உக்காருங்க சார்."

ஒன்று, சுலபம். இரண்டில் மூச்சு வாங்கியது. மூன்றில் தொடை வெடவெடத்தது. நான்காவதில் பிட்டம் நாற்காலியை விடுவேனா என்றது.

"சேரு கொஞ்சம் பள்ளமா இருக்கு சார்" என்றேன்.

டாக்டர் சிரிக்கவில்லை. என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் மனைவி போட்டுக்கொடுத்துவிட்டாள்.

"நாள்பட்ட கல்லீரல் நோயில தசை கரையும். மிச்சத்தை நீங்களே பட்டினி போட்டுக் கரைச்சிட்டீங்க. கூடினது வெறும் கொழுப்பு. முட்டை, பருப்பு, மீனு நல்லா சாப்பிடுங்க. தினமும் இப்படி எந்திரிச்சுப் பழகுங்க."

வீட்டுக்கு வந்ததும் மனைவி ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு ஆபரேஷனைத் தள்ளிவைக்கச் சொன்னாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சம்பளத்துக்கு ஆள் வைப்போம் என்று கெஞ்சினேன்.

"வேத்தாளு தொட்டுத் தூக்குனா எனக்குக் கூச்சமா இருக்கும். இத்தனை நாளு தாங்குன வலிதானே? நீங்க எந்திரிக்கப் பழகுங்க, பெறகு நான் போயிப் படுக்குறேன்."

என் வறட்டுப் பிடிவாதத்துக்கு அவள் முழங்கால் தண்டனை அனுபவிக்கிறது.

அன்று சாயங்காலமே நாற்காலியைப் போட்டு ஆரம்பித்தேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று எண்ணினாள். இரண்டு என்னும்போதே வலியில் அவள் உதட்டைக் கடிப்பது தெரிந்தது.

"நீ உக்காந்து எண்ணக் கூடாதா?" என்றேன்.

"நான் உக்காந்தா எந்திரிக்க நேரமாகும். அதுக்குள்ள நீங்க விழுந்துட்டீகன்னா?"